மறுகரைக்கு ஓர் ஆள்

ஜூலை 28, திங்கள்

சங்குமுனை கஸ்பார் மச்சாது ஆகிய நான், வயது ஐம்பத்திரண்டு, ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு ஏகச் சக்கரவர்த்தி, இன்று முதல் இந்த நோட்டில் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று மாதா சாட்சியாக உறுதி கூறுகிறேன். மீறி யாராவது நம்பினால் அது அவரவர் பொறுப்பு.

இன்று காலை ஊர்க் கமிட்டி கூடி என்னைக் கால்பந்து அணிக்குக் கோச்சாக நியமித்தது. பதினாலாயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஊரின் ஜனத்தொகை ஆயிரத்து எழுநூறு. மிச்சப் பேர் கடலுக்குள்ளிருந்து ஏறி வந்திருக்க வேண்டும். "பழைய கோச் மஸ்கட் போயிட்டாரு, வேற ஒருத்தனும் தலைய குடுக்கல, அதான் உங்களப் போட்டிருக்காவ" என்றாள் ஜசிந்தா. ஜசிந்தா என் மனைவி. சரித்திர புருஷர்களுக்கெல்லாம் மனைவி இப்படித்தான் வாய்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 24 ஞாயிறு, திருவிழா ஆட்டம். வருடத்துக்கு ஒன்றே ஒன்று. எதிரி புதுத்துறை. அவர்களிடம் டெரன்ஸ் என்று ஓர் இடதுகால்காரன் இருக்கிறான். நம் ஆட்களையெல்லாம் மைதானத்தின் ஒரு பக்கத்துக்கு இழுத்துச் சேர்ப்பான். சேர்ந்ததும் நிமிர்ந்து பார்த்து, ஒரே உதையில் பந்தை மறுபக்கத்துக்கு அனுப்புவான். அந்தப் பந்து ஏறி இறங்குவதற்குள் காக்கை அதில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிடும். இறங்குகிற இடத்தில் புதுத்துறைக்காரன் ஒருவன் தனியாக நிற்பான். நம் ஆள் இருக்க மாட்டான்.

போன வருடம் எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் அப்படித்தான் ஒரு கோல். அந்தப் பக்கம் நிற்க வேண்டியவன் எங்கள் ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டக்காரன், லம்பர்ட். ஜசிந்தாவின் ஒரே தம்பி, வயது முப்பத்து நாலு. நிற்காமல் பந்து இருந்த பக்கம் ஓடிவிட்டான். அன்றிலிருந்து ஊரில் அவன் பெயர் 'தொறந்த வாசல்'. அவன் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. திருவிழா முடிந்ததும் கொச்சிப் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போகிறான். போனால் திரும்ப மாட்டான் என்று ஜசிந்தா சொல்கிறாள்.

அவன் ஏன் ஓடினான் என்று கேட்பவர்களுக்கு: அன்று காற்று சரியில்லை.

ஜூலை 29

ஐஸ் மெஷினில் ஒரு பல் உடைந்தது. முதலாளி என் பல்லைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 30, புதன்

முதல் பயிற்சி. கோவிலுக்குப் பின்னால் உள்ள மைதானம். பாதி மணல், மீதி ஆட்டுப் புழுக்கை.

பந்தை ஒரு மூலையில் வைத்து ஆடச் சொன்னேன். இரண்டே நிமிடம்தான். பத்துப் பேரும் அந்த மூலையில் கூடிவிட்டார்கள். கோல் கீப்பர் அமல்தாசும் போய்விட்டான். மீதி மைதானம் சகாரா பாலைவனமாகக் கிடந்தது. அதில் இரண்டு ஒட்டகம் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"ஏல ரீகன், அங்க என்னல கருவாடா விக்காவ?" என்று கேட்டேன். ரீகன்தான் கேப்டன். நடுவில் நிற்கும் பேக்.

"பந்து அங்கதான கெடக்கு மாமா. ஒருத்தன் மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கும்போது நாம சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?"

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. இது கால்பந்து வியாதி இல்லை, கரைவலை வியாதி. எங்கள் ஊரில் பாதிப்பேர் கரைவலை இழுக்கிறவர்கள். வலைக்கு இரண்டு பக்கம் இரண்டு கயிறு. கயிற்றுக்குப் பதினைந்து பேர். எந்தக் கயிறு இழுபடாமல் கனக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து "கனக்கு! கனக்கு!" என்று குரல் வரும். குரல் கேட்ட நொடியில் சோறு தின்றுகொண்டிருப்பவன்கூட எச்சில் கையோடு ஓட வேண்டும். கனக்கிறபோது சும்மா நின்றவனுக்கு எங்கள் கரையில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு, பந்து இல்லாத பக்கத்தில் ஒருவனை நிற்க வைக்க வேண்டும். ஏசுநாதர் தண்ணீர்மேல் நடந்தது இதைவிடச் சுலபம்.

ஆகஸ்ட் 2, சனி

லம்பர்ட்டைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனேன். இழுத்து முடித்த கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, வந்து ஆடுல. நீ இல்லாம மறுகரை காலியா கெடக்கு." மறுகரை என்பது நான் வைத்த பெயர். பந்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்.

"வேற ஆளப் பாருங்க அத்தான்."

"இந்த ஆசியாக் கண்டத்துலயே உன்ன மாதிரி ரைட் பேக் கெடையாதுன்னு..."

"நீங்க கூப்பிட்டு நான் வரமாட்டேன்" என்றான். சத்தமாகக்கூட இல்லை. கயிற்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

'நீங்க' என்பதை ஏன் அழுத்திச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இதைச் சொன்னேன். ஜசிந்தா மீன் செதிளை உரசிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதுவும் எதற்கென்று தெரியாது.

போன வருடம் அந்தக் கோல் விழுவதற்குமுன் மைதானக் கரையிலிருந்து யாரோ கத்தினார்களாம். ஆயிரம் பேர் நின்ற இடம். யாராவது கத்தத்தான் செய்வார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து ஜசிந்தா தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். சாயங்காலம் லம்பர்ட் பயிற்சிக்கு வந்து நின்றான். என்ன சொல்லிக் கூட்டிவந்தாள் என்று கேட்டேன்.

"போறவன் ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

ஆகஸ்ட் 6, புதன்

உலகக் கால்பந்து வரலாற்றில் முதல் முறையாக நான்கு பேக்குகளையும் கயிற்றால் கட்டினேன். பழைய வலைக்கயிறு. ஒருவன் இடுப்புக்கும் அடுத்தவன் இடுப்புக்கும் நடுவே நாலு பாகம், அதாவது இருபத்து நாலடி, நீளம். பந்து இடது பக்கம் போனால் நாலு பேரும் சேர்ந்து இடது பக்கம் நகர வேண்டும். கயிறு தொய்யவும் கூடாது, முறுகவும் கூடாது. லம்பர்ட் வலது கோடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. இடது பக்கத்துக்கே ஓடிவிடவும் கூடாது. கோலின் தூரத்துக் கம்பத்துக்கு நேராக வந்து நின்று, ஒரு கண்ணால் பந்தையும் மறு கண்ணால் முதுகுப்பக்கம் நிற்கும் எதிராளியையும் பார்க்க வேண்டும்.

"ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கமா? பச்சோந்தியா அவன்?" என்று வேலிப்பக்கத்திலிருந்து கேட்டாள் மீன்கார பிலோமி. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இந்தக் கூத்தைப் பார்ப்பதற்கென்றே நின்றிருந்தாள்.

"பேசாம வேடிக்க பாரு. இது விஞ்ஞானம்."

"நாலு கெடாவக் கட்டி மேச்சலுக்கு உடுததா விஞ்ஞானம்? வெளங்கும்!"

விசில் ஊதினேன். பந்து இடது மூலைக்குப் போனது. லம்பர்ட் நான்கு எட்டு சரியாக வைத்தான். அங்கே இடித்துத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவனுக்குள் கரைவலை விழித்துக்கொண்டது. ஒரே பாய்ச்சல். மற்ற மூன்று பேரும் சரக்குரயில் பெட்டிபோல அவன் பின்னால் இழுபட்டுப் போய், எல்லோரும் ஒரே குவியலாக விழுந்தார்கள். பிலோமி சிரித்த சிரிப்பில் கொழும்புத் துறைமுகத்தில் இரண்டு கப்பல் நங்கூரம் அறுந்தது.

இருபத்தேழு தடவை கட்டினோம். இருபத்தேழு தடவையும் விழுந்தார்கள். இருபத்தெட்டாவது தடவை கயிறு நேராக நின்றது. ரீகன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, நிக்குது!" என்றான்.

நாளையும் கட்டுவேன்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று இரண்டாவது பாடம். டெரன்ஸ் நிமிர்ந்தால்தான் மறுபக்கம் பார்ப்பான், பார்த்தால்தான் அடிப்பான். ஆகவே பந்தை வைத்திருப்பவன் தலையை நிமிரவிடாமல் ஒருவன் மூக்கோடு மூக்கு வைத்து நிற்க வேண்டும். அதையும் மீறி அவன் நிமிர்ந்து காலைப் பின்னுக்கு இழுத்தால், அந்தக் கணமே எல்லோரும் மறுகரை நோக்கி நகரத் தொடங்க வேண்டும். பந்து காற்றில் இருக்கும் நேரம் நமக்குக் கிடைத்த நேரம். தரை இறங்கின பிறகு ஓடுகிறவன் வழியனுப்பத்தான் ஓடுகிறான்.

டெரன்ஸாக நானே நடித்தேன். என் உதையில் பந்து எட்டடி போனது. செருப்பு முப்பதடி போனது. அமல்தாசை அடிக்கச் சொன்னேன்.

ஜசிந்தா சர்க்கரை மாத்திரையை ஞாபகப்படுத்தினாள். போட்டேன். போடவில்லை. பிறகு போட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விசித்திரமான விஷயம் ஒன்று. லம்பர்ட் நன்றாக ஆடுகிறான். சரியான இடம், சரியான நேரம். ஆனால் கரையிலிருந்து நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கெட்டுவிடுகிறது. "நில்லு மாப்ள" என்றால் அப்படியே கல்லாகிறான். "நகரு" என்றால் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். அந்த ஒரு பார்வைக்குள் பந்து அவன் தலைக்குமேல் போய்விடுகிறது. இன்று ஒன்பது தடவை.

பயிற்சி முடிந்ததும் ரீகன் தனியாக வந்தான்.

"மாமா, தப்பா நெனைக்காதீய. நீங்க வாய மூடிட்டு இருந்தா அவரு நல்லா ஆடுதாரு."

"கோச்சு வாய மூடுனா அப்புறம் என்னல கோச்சு?"

"அது எனக்குத் தெரியாது. உங்க சத்தம் கேட்டா அவரு மொகம் மாறுது."

என் குரலில் ஏதோ கோளாறு. ஐஸ் குளிரில் தொண்டை கட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 13

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள், கொடியேற்றம், இரண்டு லட்டு. ஒன்றுதான் தின்றேன் என்று ஜசிந்தாவிடம் சொன்னேன்.

"ரெண்டு" என்றாள்.

"யார் சொன்னா?"

"நீங்க பொய் சொன்னா எனக்குத் தெரியும். இருவத்தெட்டு வருசமா அந்தத் தொண்டையத்தானே கேக்கேன்." கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினாள். முதுகு எனக்கு. "போன வருசமும் கேட்டேன். பொம்பளைய நிக்கிற பக்கத்துக்கே உங்க சத்தம் கேட்டிச்சு."

நான் வானொலியில் செய்தி கேட்கப் போனேன். வானொலி ரிப்பேராகி ஆறு மாதம் ஆகிறது. இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 16

மெஷினுக்குப் புதுப் பல் வந்தது. மாட்டினேன். நாளை ஞாயிறு, பயிற்சி உண்டு. இன்னும் எட்டு நாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

பயிற்சி தொடங்குமுன் எல்லோரையும் மணலில் உட்கார வைத்தேன். ஒரு மாபெரும் சொற்பொழிவு தயாரித்திருந்தேன். அதில் கடல், கப்பல், திமிங்கலம், மூன்று ராஜாக்கள் எல்லாம் வருவார்கள். எழுந்து நின்றதும் ஒரு ராஜாவும் வரவில்லை.

"போன வருசம் கடைசி நேரத்துல 'கனக்கு, கனக்கு, ஓடுல லம்பர்ட்டு'ன்னு ஒருத்தன் கத்துனாம்லா" என்றேன். "அது நான்தான்."

காலால் மணலைச் சமப்படுத்திக்கொண்டே தொடர்ந்தேன்.

"பந்து அந்தப் பக்கம் சிக்கிக் கெடந்துச்சு. எனக்கு ஆட்டம்னு தோணல, வலைன்னு தோணிச்சு. வாயில வந்தத கத்திட்டேன். இவன் பாட்டுக்கு அவன் எடத்துலதான் நின்னான். நான் கத்துனதக் கேட்டுத்தான் ஓடுனான். 'கனக்கு'ன்னு கேட்டபொறவு நம்ம ஊர்ல எவன் நிப்பான்? வாசலத் தொறந்தது அவன் இல்ல, நான். ஒரு வருசமா சொல்லாம இருந்துட்டேன்."

அமல்தாஸ் என்னைப் பார்க்காமல் கையுறையின் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தான். ரீகன் லம்பர்ட்டைப் பார்த்தான். லம்பர்ட் மணலைப் பார்த்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தான்" என்றான்.

"தெரிஞ்சா ஏம்ல ஊர்ல சொல்லல?"

"எங்க அக்கா வீட்டுக்காரர நான் போயி ஊர்ல சொல்லவா?" எழுந்தான். கால்சட்டை மணலைத் தட்டினான். "நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். மொதல்ல ஒரு வாரம் பாத்தேன். பொறவு ஒரு மாசம். தொறந்த வாசல், தொறந்த வாசல்னு சின்னப் பிள்ளையெல்லாம் சொல்லும்போது நீங்களும் கூட நின்னு சிரிச்சிய பாருங்க. அன்னைக்குத்தான் கொச்சிக்கு வாரேன்னு சொல்லி வச்சேன்."

சிரித்தேன்தான். ஐஸ் கம்பெனி வாசலில், நாலு பேர் நடுவில். சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று சிரித்தேன்.

லம்பர்ட் கிளம்பி வேலிவரை போனான். போய்விட்டான் என்று நினைத்தேன். வேலியில் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். "வாங்கல, கட்டுங்க. நேரம் போவுது" என்றான், என்னிடமல்ல, மற்ற மூன்று பேரிடமும்.

இன்று நான் வாய் திறக்கவில்லை. கயிறு ஒரு தடவைகூட முறுகவில்லை.

ஆகஸ்ட் 18

பூசைக்கு முன்னால் கோவில் வாசலிலும், மீன் ஏலம் போடும் இடத்திலும், கமிட்டி முன்பும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது பிலோமி, "ஒரு தடவ சொன்னா எங்களுக்குக் கேக்கும் வே. காது தொறந்துதான் இருக்கு" என்றாள். கூடவே மீன் கழுவின தண்ணீரை என் காலில் ஊற்றினாள். தற்செயலாக.

ஆகஸ்ட் 20, புதன்

என் கோச் வாழ்க்கையின் மகத்தான முடிவு: இனி ஆட்டத்தின்போது நான் கத்தமாட்டேன். கத்தப்போவது லம்பர்ட்.

யோசித்துப் பார்த்தால் இதுதான் நியாயம். பந்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும். மறுகரையில் நிற்பவனுக்குத்தான் மொத்த மைதானமும் தெரிகிறது. டெரன்ஸின் தலை நிமிர்வது, கால் பின்னால் போவது, நம் ஆள் எவன் இடம் மாறி நிற்கிறான் என்பது, எல்லாம். அவன் சும்மா நிற்கவில்லை, காவல் நிற்கிறான். இதைச் சொன்னதும் லம்பர்ட், "இத மொதல்லயே சொல்லியிருந்தா கயிறு தேஞ்சிருக்காது" என்றான். மூன்று வாரத்தில் என்னிடம் அவன் பேசிய மிக நீளமான நல்ல வார்த்தை.

"வருது!" என்று அவன் ஒரே குரல் கொடுத்தால் பத்துப் பேரும் நகர்கிறார்கள். பந்து இறங்கும் இடத்துக்கு லம்பர்ட் முதலில் போகிறான். விழுந்தடித்துப் பறிப்பதில்லை, எதிராளியை வெளிக்கோட்டுப் பக்கம் தள்ளி வேகத்தைக் குறைக்கிறான். அதற்குள் மற்றவர்கள் வந்து சேர்கிறார்கள். இருபது தடவையில் பதினேழு சரி.

கொச்சிப் படகு திங்கட்கிழமை. பை கட்டி வைத்திருக்கிறானாம். ஜசிந்தா சொன்னாள்.

ஆகஸ்ட் 23

தூங்கு என்கிறாள். நான் தூங்கிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வருங்காலச் சந்ததியே, கேள்.

மைதானத்தில் இன்று எழுபது லட்சம் பேர். பனைமரத்துக்கு ஆயிரம் பேர் வீதம் ஏறியிருந்தார்கள். புதுத்துறைக்காரர்கள் இரும்பால் செய்த கால்களோடு வந்திருந்தார்கள். ஒருவன் இருமினால் கோல் கம்பம் ஆடியது.

என் வாய்க்குள் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது ஜசிந்தாவின் ஏற்பாடு. மறுமுனை அவள் கையில்.

டெரன்ஸ் முதல் பாதியில் நூற்று முப்பது தடவை மறுபக்கம் அடித்தான். ஒவ்வொரு தடவையும் "வருது!" என்ற குரல் இமயமலையில் மோதி எதிரொலித்தது. ஒவ்வொரு தடவையும் நம் படை ஒரே பாயைச் சுருட்டி விரித்ததுபோல நகர்ந்தது. இரண்டாம் பாதியில் ரீகன் அடித்த பந்து கோலையும், வலையையும், சுங்கச்சாவடியையும் தாண்டி மதுரையில் இறங்கியது. நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம். புதுத்துறை ஊரே பெயரை மாற்றிக்கொண்டது.

கடைசி நிமிடங்கள். பந்து இடது மூலையில் சிக்கிக் கிடந்தது. ஒன்பது பேர் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற நம் ஜனமெல்லாம், ஒரு வருட அனுபவமும் மறந்து, ஒரே வாயாக அலறியது: "கனக்கு! கனக்கு! ஏல லம்பர்ட்டு, என்னத்தல நிக்க? ஓடுல!" பிலோமி கூடையைத் தூக்கித் தரையில் அடித்தாள். என் கைக்குட்டை பாதி தொண்டைக்குள் போய்விட்டது. ஜசிந்தா மறுமுனையை விடவில்லை.

அவன் கால் ஒரு தடவை துடித்தது. பார்த்தேன்.

டெரன்ஸ் நிமிர்ந்தான்.

பிறகு நடந்ததைக் கண்டு சூரியன் மேற்கே போகாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. தேவதூதர்கள் பனைமரத்தில் இடம் கேட்டார்கள். என்னைக் கோப்பைக்குள் உட்கார வைத்து ஏழு கிராமம் சுற்றி வந்தார்கள்...

இதுவரை எழுதியதை ஜசிந்தா என் தோளுக்குமேல் நின்று படித்துவிட்டாள்.

"நாப்பத்தொண்ணா? ரெண்டு பேரும் ஒரு கோலும் போடல. போன வருசம் ஜெயிச்சவனுக்கே கோப்பைன்னு அவனுவ தூக்கிட்டுப் போயிட்டானுவ. நீங்க வீட்டுக்கு நடந்து வந்திய. செருப்பு இல்லாம."

"சரி, அதெல்லாம் அடிச்சிடட்டுமா?"

"கெடக்கட்டும்" என்றாள். "அவன் பைய அவுத்து வேட்டியெல்லாம் கொடியில போட்டிருக்கான். புதங்கெழம பிராக்டிஸ் உண்டான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னான்."

உண்டு என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே, நம்ப முடியாத இந்தக் கதையில் ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். ஊரே ஓடச் சொன்னபோது லம்பர்ட் ஓடவில்லை. பந்து குறுக்கே வந்து இறங்கியது. அங்கே அவன் நின்றுகொண்டிருந்தான்.